பள்ளி பஸ் நேரமும் காலை ஓட்டமும்: குமரி மாவட்டப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் நம் மாவட்டத்தில் எந்த ஜங்ஷனில் போய் நின்றாலும் ஒரே பேச்சுதான். நேற்று ஆறே முக்காலுக்கு வந்த வண்டி இன்று ஏழு ஐந்தாகியும் காணோம். டிரைவருக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. பள்ளி அலுவலகமோ எட்டரைக்குத்தான் திறக்கும். பிள்ளையின் அப்பா வளைகுடாவில் இருப்பார், இல்லையென்றால் ஆழ்கடலுக்குப் போயிருப்பார். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன வீடாகவும் இருக்கலாம். அண்டி ஆபீசுக்கோ (முந்திரிப் பருப்பு ஆலை) கடைக்கோ எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டிய அம்மா, பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் நின்று தவிப்பார்.

இந்தத் தவிப்பைப் பல வருடங்களாகப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்திருக்கிறது. பெரும்பாலான பெற்றோர் கையில் பஸ் நேரம் எழுத்தில் கிடையாது. "ஏழு மணிப் போல வரும்" என்று வாயால் சொன்னதுதான் இருக்கிறது. அந்த "போல"வை வைத்துக்கொண்டு யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. நேரத்தை எழுத்தில் வாங்குவதும், தனியாகக் கேட்காமல் ஒரு ஸ்டாப்பில் நிற்கும் பெற்றோர் எல்லோருமாகச் சேர்ந்து கேட்பதும்தான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. மீதியெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

நம் மாவட்டத்தில் இது ஏன் கூடுதல் சிக்கல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோவாளை, பூதப்பாண்டி பக்கம் வீடுகள் ஊராகச் சேர்ந்திருக்கும். ஒரு ஸ்டாப்பில் நின்றால் பத்து இருபது பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு பக்கம் அப்படி இல்லை. தென்னந்தோப்புக்கும் ரப்பர் விளைக்கும் நடுவே வீடுகள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும், இரண்டு பக்கமும் கையாலை (வேலியாகக் கட்டிய சுவர்) வைத்த ஒடுங்கிய வழிகளில் பஸ் நுழையாது. அதனால் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்காக ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று நின்று போக வேண்டும். போதாக்குறைக்கு வில்லுக்குறியில் இருந்து காரோடு வரைக்குமான நான்கு வழிச்சாலை வேலை, நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருக்கள், காலையிலேயே ஓடும் டாரஸ் லாரிகள். இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆவது இங்கே சாதாரணம்.

படி 1: சேர்க்கும் முன்பே கேளுங்கள்

பணம் கட்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல அவசரப்பட மாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அட்மிஷன் நடக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பஸ் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள். வரும் என்றுதான் எல்லாப் பள்ளியும் சொல்லும். இப்படிக் கேளுங்கள்: எங்கள் ஸ்டாப்புக்கு எந்த வண்டி வரும், அது காலையில் எத்தனை ட்ரிப் அடிக்கும், எங்கள் பிள்ளை எந்த ட்ரிப்பில், ஏறும் நேரம் என்ன, பள்ளிக்குள் இறங்கும் நேரம் என்ன, மாலையில் எத்தனை மணிக்கு எங்கள் ஸ்டாப்பில் இறக்கிவிடுவீர்கள்?

இதில் ட்ரிப் என்பதுதான் முக்கியம். அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் பெற்றோரின் கோபத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

பல தனியார் பள்ளிகளில் ஒரே வண்டி காலையில் இரண்டு ட்ரிப் ஓடும். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ட்ரிப் பிள்ளை 6.45க்கு ஏறி 7.45க்குப் பள்ளியில் இறங்குகிறது. வண்டி திரும்பிப் போய் அடுத்த பக்கத்துப் பிள்ளைகளை 9 மணிக்குக் கொண்டுவருகிறது. வகுப்பு தொடங்குவது 9.15க்கு. முதல் ட்ரிப் பிள்ளை ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறது. மாலையில் 3.45க்கு மணி அடிக்கிறது. அந்தப் பிள்ளைக்கே இரண்டாவது ட்ரிப் என்று வைத்துவிட்டால் 5 மணிக்குத்தான் பள்ளியை விட்டுக் கிளம்பும், ஆறு மணிக்கு வீடு சேரும். யூகேஜி பிள்ளைக்கு இது பதினொரு மணி நேரத்துக்கும் மேல் வெளியே இருக்கும் நாள்.

இங்கே மூன்று கோரிக்கைகள் நியாயமானவை. பள்ளியும் கூடுதல் செலவு அதிகமில்லாமல் செய்யக்கூடியவை.

ஒன்று, காலையில் முதல் ட்ரிப்பில் வந்த பிள்ளைக்கு மாலையிலும் முதல் ட்ரிப். இது கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது.

இரண்டு, ஒரு பருவத்துக்கு ஒருமுறை ட்ரிப்பை மாற்றிப் போடுவது. முதல் பருவம் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் சீக்கிரம் எழுந்தால், அடுத்த பருவம் மற்றப் பக்கம் எழட்டும். வருடம் முழுக்க ஒரே பக்கத்துப் பிள்ளைகளே விடியலில் எழுவது சரியில்லை.

மூன்று, ஏழே முக்காலில் இருந்து வகுப்பு தொடங்கும் வரை ஒரு ஆசிரியரோ பொறுப்பாளரோ பள்ளியில் இருக்க வேண்டும். வாயில் காவலாளி இருக்கிறார் என்பது போதாது. சிறு பிள்ளைகள் விளையாடி விழுவதும், கழிப்பறையில் மாட்டிக்கொள்வதும் அந்த நேரத்தில்தான். பிள்ளையைத் தன் வளாகத்துக்குள் இறக்கிவிட்ட நிமிடத்தில் இருந்து பள்ளிதான் பொறுப்பு என்பதை இந்த இடத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 2: தூரத்தை விடுங்கள், வண்டிக்குள் இருக்கும் நேரத்தைப் பாருங்கள்

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கிலோமீட்டரைப் பார்க்கிறோம். பிள்ளை படும் பாடு கிலோமீட்டரில் இல்லை. மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு முப்பது கிலோமீட்டர் போல இருக்கும், நேராக வந்தால் ஒரு மாதிரி, திங்கள்சந்தை வழியாகச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தால் வேறு மாதிரி. ஏறியதில் இருந்து இறங்கும் வரை எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். என் கருத்தில், ஐந்தாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஒரு பக்கம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்தப் பள்ளி எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் இன்னொரு தடவை யோசிக்க வேண்டும். அருகிலேயே ஒரு நல்ல அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் நூறு வருடத்துக்கு மேல் பழமையான பள்ளிக்கூடங்கள் ஊர் ஊராக இருக்கின்றன, நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருப்பது அதிசயமில்லை.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. காலையில் முதலில் ஏறும் பிள்ளைதான் மாலையில் கடைசியாக இறங்கும், ஏனென்றால் வண்டி வந்த வழியே திரும்பிப் போகிறது. அதே பிள்ளைக்கு இரண்டு வேளையும் நீண்ட பயணம். ரூட் வட்டமாக இருந்தால் மாலையிலும் அதே திசையில் சுற்றச் சொல்லலாம். அப்போது முதலில் ஏறியவர் முதலில் இறங்குவார். ரூட் நீளக்கோடாக இருந்தால் இது நடக்காது. வட்டமா கோடா என்று டிரைவரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

ஏறும் நேரம் ஆறரைக்கு முன்னால் என்றால் வெளிச்சத்தையும் யோசியுங்கள். ஜூன் மாதம் இங்கே ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதித்துவிடும். ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் 6.40 ஆகிவிடும். ஜூனில் பார்த்துச் சரி என்று சொன்ன நேரம் ஜனவரியில் இருட்டாக இருக்கும். தோப்பு வழியாக நடந்து வர வேண்டிய பிள்ளைக்கு ஒரு டார்ச்சும், கூட ஒரு ஆளும் வேண்டும்.

படி 3: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

புகார் சொல்லப் போகுமுன் கையில் கணக்கு இருக்க வேண்டும். காலண்டர் தாளின் ஓரத்திலேயே எழுதலாம்: தேதி, சொன்ன நேரம், வந்த நேரம், மாலையில் இறக்கிவிட்ட நேரம், மழையா, மாற்று டிரைவரா. ஸ்டாப்பில் வழக்கமாக முதலில் வந்து நிற்கும் ஒருவர் குறித்தால் போதும், மற்றவர்கள் வாட்ஸ்அப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பத்துப் பள்ளி நாள் எழுதினால் ஒரு தன்மை தெரிந்துவிடும். தினமும் ஒரே பத்து நிமிடம் பிந்துகிறது என்றால் அட்டவணைதான் தவறு, திருத்தச் சொல்லலாம். திங்கள்கிழமை மட்டும் பிந்துகிறது என்றால் ரோட்டு நெரிசல். ஒருநாள் முந்தியும் ஒருநாள் பிந்தியும் வருகிறது என்றால், எங்கோ ஒரு ஸ்டாப்பில் காத்து நிற்கிறார்கள் அல்லது டிரைவர் ரூட்டை மாற்றுகிறார். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முந்தி வருவதுதான் எனக்கு அதிகக் கவலை. பத்து நிமிடம் பிந்தினால் காத்து நிற்கலாம். ஐந்து நிமிடம் முந்தி வந்து போய்விட்டால் பிள்ளைக்கு அன்றைய பள்ளியே போயிற்று. குறித்த நேரத்துக்கு முன்னால் ஸ்டாப்பை விட்டு வண்டி எடுக்கக் கூடாது என்ற ஒரே ஒரு விதியை மட்டும் பள்ளியிடம் ஒப்புக்கொள்ள வைத்தாலே பாதிச் சண்டை ஓயும்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. ஒரு பிள்ளைக்காக இரண்டு நிமிடம் நின்றால், பத்து ஸ்டாப்பில் இருபது நிமிடம். "அண்ணே, ஷூ மாட்டுகிறான், ஒரு நிமிஷம்" என்று டிரைவரை நிறுத்தி வைக்கும் வழக்கத்தை ஸ்டாப்பில் உள்ள எல்லோருமாகச் சேர்ந்து விட வேண்டும்.

படி 4: ஸ்டாப்பைச் சரியாக அமையுங்கள்

வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டால் யாருக்கும் நேரத்துக்கு வண்டி வராது. நூற்றைம்பது, இருநூறு மீட்டருக்குள் மூன்று ஸ்டாப் இருந்தால் ஒன்றாக்குங்கள். அந்த இடம் வளைவில் இருக்கக் கூடாது, மழைக்கு ஒதுங்க ஒரு கடைத் திண்ணையாவது இருக்க வேண்டும், ஓடையும் மூடாத வடிகாலும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், கூடுமானவரை பிள்ளை ரோட்டைக் கடக்கத் தேவையில்லாத பக்கமாக இருக்க வேண்டும்.

கடந்தே ஆக வேண்டும் என்றால் இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்: இறங்கியதும் வண்டியை ஒட்டி முன்னாலோ பின்னாலோ ஓடாதே. வண்டிக்கு மிக அருகே குனிந்து நிற்கும் சிறு பிள்ளையை டிரைவரால் பார்க்க முடியாது. உதவியாளர் கையைப் பிடித்துக் கடத்திவிட வேண்டும், அல்லது வண்டி போன பிறகு அம்மாவோ பாட்டியோ வந்து அழைத்துப் போக வேண்டும். தேசிய நெடுஞ்சாலையோரம் உள்ள ஸ்டாப்புகளில் இதற்கு விதிவிலக்கே வேண்டாம்.

படி 5: வண்டியைச் சரிபாருங்கள்

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதன் பிறகுதான் அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் நிறம், பள்ளியின் பெயரும் போன் எண்ணும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, உதவியாளர் இவையெல்லாம் கட்டாயம். 2022இல் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சிறுவன் பள்ளி வேனில் அடிபட்டு இறந்த பிறகு, வண்டியில் கேமராவும் பின்பக்கச் சென்சாரும் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பிள்ளை இருக்கிறது. அதனால் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பள்ளி திறக்குமுன் ஆண்டுதோறும் வட்டாரப் போக்குவரத்து, காவல், கல்வித் துறை அதிகாரிகள் சேர்ந்து பள்ளி வண்டிகளை ஆய்வு செய்வார்கள். உங்கள் பிள்ளை ஏறும் வண்டி அதில் தேறியதா என்று பள்ளியில் கேட்கலாம். நீங்களே பார்க்க வேண்டும் என்றால் போனில் எம்பரிவாகன் செயலியைப் போட்டு வண்டி எண்ணைக் கொடுங்கள். தகுதிச் சான்று எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் உண்டா என்று அதிலேயே தெரியும். ஐந்து நிமிட வேலைதான். சான்று காலாவதியாகியிருந்தால் முதலில் பள்ளிக்கு எழுதுங்கள், அசையவில்லை என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு. வண்டி எண் டி.என். 74 என்று தொடங்கினால் நாகர்கோவில் அலுவலகம், டி.என். 75 என்றால் மார்த்தாண்டம்.

படி 6: பள்ளிக்கு எழுதுங்கள்

டிரைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ரூட்டையும் நேரத்தையும் அவர் முடிவு செய்வதில்லை, நம் பிள்ளை தினமும் அவர் கையில்தான் இருக்கிறது. முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள், ஸ்டாப்பில் உள்ள எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். இன்ன ஸ்டாப்பில் இருந்து இன்ன எண் பேருந்தில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் எழுதுவது. காலையில் 6.50க்கு வண்டி வரும் என்று சொல்லப்பட்டது. இணைத்துள்ள பட்டியலின்படி இரண்டு வாரத்தில் 6.40க்கும் 7.15க்கும் இடையே வெவ்வேறு நேரங்களில் வந்துள்ளது. எங்கள் கோரிக்கைகள்: ஸ்டாப் வாரியான நேர அட்டவணையை எழுத்தில் தர வேண்டும். குறித்த நேரத்துக்கு முன் வண்டி புறப்படக் கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பெற்றோருக்குத் தகவல் வர வேண்டும். காலை ஆறு மணி முதல் போனை எடுக்கும் ஒரு பொறுப்பாளரின் எண்ணைத் தர வேண்டும். பதினைந்து நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம்."

ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். இதில் எல்லாவற்றையும் விட நான் முக்கியமாகக் கருதுவது கடைசிக் கோரிக்கையை. காலையில் ஒரு குரல் பதில் சொன்னால் போதும், பெற்றோரின் கோபம் பாதியாகிவிடும்.

பதிலே இல்லை என்றால் அடுத்த இடம் மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகளுக்கென்றே தனியாக இருக்கிறார். அதற்கும் மேல், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். மனு எண் கேட்டு வாங்குங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பயணத்தில் பிள்ளையை யாராவது அடித்தாலோ தகாத முறையில் நடந்தாலோ இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098.

படி 7: அரசு பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு

நம் மாவட்டத்தில் டவுன் பஸ் என்றால் அரசு பஸ்தான். அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பஸ் பாஸ் உண்டு. புதுப் பாஸ் வரும் வரை சீருடையிலோ பழைய பாஸிலோ ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று வருடந்தோறும் அறிவிப்பு வரும். நடத்துநர் மறுத்தால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அரசுப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் சொல்லுங்கள். தனியார் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் பலர் மறந்துவிடுவது ஒன்று: 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவிக்கும் அது பொருந்தும், எந்தப் பள்ளி என்ற கேள்வி இல்லை.

பஸ் பள்ளி நேரத்துக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது? எட்டே காலுக்கு ஒரு வண்டி, அடுத்தது ஒன்பதரைக்கு என்றால் பிள்ளைகள் எட்டே கால் வண்டியின் படியில் தொங்கத்தான் செய்வார்கள். படியில் தொங்குவதற்குப் பிள்ளைகளைத் திட்டுமுன் நேர அட்டவணையைப் பாருங்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள், அந்தக் குழுவில் பெற்றோர்தான் அதிகம். தீர்மான நகலோடு தலைமை ஆசிரியரின் கடிதம், இத்தனை பிள்ளைகள் இந்த ஸ்டாப்பில் இருந்து வருகிறார்கள் என்ற பட்டியல், இவற்றைக் கிளை மேலாளருக்குக் கொடுங்கள். புதிய பஸ் கேட்பதை விட, இருக்கிற பஸ்ஸை இருபது நிமிடம் முன்பின் நகர்த்தக் கேட்பது எளிது. அடுத்தது, காலியாகத் திரும்பும் சிங்கிளை (ஒரு பக்க நடையை) உங்கள் ஊர் வழியாகத் திருப்பிவிடச் சொல்வது.

அடிக்கடி சிங்கிள் கட் ஆகிறது என்ற சந்தேகம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில். "இன்ன தடத்தில் காலை 8 முதல் 9.30 வரை இயக்க வேண்டிய நடைகள் எவை, கடந்த மூன்று மாதத்தில் இயக்கப்படாத நடைகள் எத்தனை" என்று மட்டும் கேளுங்கள். காரணம் கேட்டு வாதாடாதீர்கள். எண்ணிக்கை கைக்கு வந்துவிட்டால் அதுவே பேசும்.

பேச்சிப்பாறை அணைக்கு உள்பக்கம் உள்ள காணி பழங்குடியினர் குடியிருப்புகளில் இருந்து படகில் வந்து பள்ளி சேரும் பிள்ளைகளும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பள்ளி எட்டாத இடத்துப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதியும் துணைக்கு ஆளும் தர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் உண்டு. அப்படி ஒரு ஊரில் நீங்கள் இருந்தால், அல்லது அப்படி ஒரு குடும்பம் தெரிந்தால், தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

படி 8: வேன், ஆட்டோ, ஸ்கூட்டர்

நாலைந்து வீடு சேர்ந்து வேன் வைப்பது நல்ல வழிதான். ஆனால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வெள்ளைப் பிளேட் வண்டி சொந்த உபயோகத்துக்கு, அதில் மாதக் காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது சட்டப்படி சரியில்லை. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் தொகை கிடைப்பதும் கஷ்டம். மஞ்சள் பிளேட் வண்டியாகப் பாருங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை, நேரம், மாதத் தொகை, விடுமுறை மாதத்துக்குக் காசு உண்டா இல்லையா, இவற்றை ஒரு தாளில் எழுதி இரு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்தால் அந்த ஆட்டோவே வேண்டாம்.

ஸ்கூட்டரில் கொண்டு விடுபவர்களுக்கு: நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழே என்றால் அளவான ஹெல்மெட்டோடு பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவதைத் தினமும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

பஸ் ஒத்துவரவில்லை என்று பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். உரிமம் இல்லாத சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் வண்டி கொடுத்த பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. அரசு, உதவிபெறும் பள்ளியில் பதினொன்று படித்தால் விலையில்லா சைக்கிள் வருகிறது, மூன்று நான்கு கிலோமீட்டருக்கு அது போதும்.

படி 9: மழை, திருவிழா, உள்ளூர் விடுமுறை

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலும் நனைவோம், அக்டோபர், நவம்பரிலும் நனைவோம். மழை விடுமுறையை ஆட்சியர் அறிவிப்பார், ஆனால் சில நாள் பிள்ளைகள் வண்டியில் ஏறிய பிறகே செய்தி வரும். அதற்கு முன்கூட்டியே பள்ளியோடு பேசி வையுங்கள்: பாதி வழியில் விடுமுறை என்று தெரிந்தால், ஏற்றிய ஸ்டாப்பிலேயே, பெரியவர் ஒருவர் வந்த பிறகே இறக்க வேண்டும். நடு வழியில் எங்கேயும் இறக்கக் கூடாது. அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்ட வீட்டுக்கு, சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரின் எண் உதவியாளரிடம் இருக்க வேண்டும்.

டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம், சிவராத்திரி, ஓணம் என்று நமக்கு உள்ளூர் விடுமுறைகள் உண்டு. அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். அந்தச் சனிக்கிழமை பள்ளி இருக்கும், பஸ் எந்த நேரத்துக்கு என்பது யாருக்கும் தெரியாது. முந்திய வியாழனே கேட்டு ஸ்டாப் குழுவில் போட்டுவிடுங்கள். திருவிழாவுக்கு முந்தின, பிந்தின நாட்களில் கோட்டார், சுசீந்திரம், மண்டைக்காடு பக்கம் போக்குவரத்து திருப்பிவிடப்படும், அன்று இருபது நிமிடம் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

படி 10: வண்டி வராத நாள்

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இரண்டு பெரியவர்களை முறை வைத்துக்கொள்ளுங்கள். குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் கழிந்தும் வண்டி வரவில்லை என்றால், அன்றைய முறைக்காரர் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும். எல்லோரும் தனித்தனியாகக் கூப்பிட்டால் லைன் பிஸியாகவே இருக்கும். வராது என்று உறுதியானால் தெரிந்த ஆட்டோவில் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம், கூட ஒரு பெரியவர் போகட்டும். ஆகிற காசைப் பங்கிட்டு, ரசீதோ குறிப்போ வைத்து, பஸ் கட்டணத்தில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழிக்கும் பள்ளியும் இருக்கிறது, மறுக்கும் பள்ளியும் இருக்கிறது. கேட்ட கடிதம் மட்டும் அடுத்த வருட ரூட் கூட்டத்தில் உதவும்.

பண்டிகைக் கூட்டம், லாரி மோதல் என்று எங்காவது வண்டி மாட்டிக்கொண்டால் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தண்ணீரும், அட்டையில் எழுதிய இரண்டு போன் எண்களும் எப்போதும் இருக்கட்டும். அம்மாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்ல முதல் வகுப்பிலேயே பழக்கிவிடலாம்.

படி 11: ஸ்பெஷல் கிளாஸ் நாட்கள்

பத்து, பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கினால் வழக்கமான பஸ் போய்விடும். கிளாஸ் வைக்கிறோம் என்று சுற்றறிக்கை வரும், எப்படித் திரும்புவது என்று அதில் ஒரு வரியும் இருக்காது. சம்மதக் கையெழுத்துப் போடுமுன் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கேளுங்கள். பஸ் இல்லை என்றால் கிளாஸைக் காலையில் வைக்கச் சொல்லலாம், அல்லது கடைசி டவுன் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் முன்பே விடச் சொல்லலாம். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், ஜங்ஷனில் இறங்கித் தோப்பு வழியாகத் தனியே நடக்க வேண்டிய பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து இறங்கும் மாதிரி, வீட்டில் இருந்து ஒருவர் ஸ்டாப்புக்கு வந்து நிற்கும் மாதிரி, அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஏற்பாடு செய்ய முடியும்.